அம்மா என்றால்தான் திரும்புவேன்

எங்கள் தெரு முனையில் பூட்டுக் கடை வைத்திருந்தவளை எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவோம். அவளுக்குத் திறக்க வராத பூட்டு கிடையாது. ஒரு தடவை கடை வாசலில் நின்று பலமாகத் தும்மினாள், எதிர் வரிசையில் மூன்று வீட்டு அலமாரிகள் தாமாகத் திறந்துகொண்டன என்று நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டு வீடுதான் என்று சிலர் திருத்துவார்கள். இருக்கலாம்.

அப்பேர்ப்பட்டவள் இருபத்திரண்டு நாள் தன் மகளின் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தையை வரவழைக்க முடியாமல் தவித்தாள். அந்த இருபத்திரண்டாவது நாள் பகல் பன்னிரண்டே காலுக்கு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது.

பத்தொன்பது வயதில் கல்யாணமாகி அவள் அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது புருஷனுக்குக் கீழே நான்கு தம்பிகள், ஒரு தங்கை. மாமியார் இல்லை. காலையில் கண் விழித்ததும் "அண்ணி, என் சட்டை எங்க?", "அண்ணி, பசிக்குது", "அண்ணி, இவன் கிள்ளுறான்" என்று ஐந்து பேரும் ஆரம்பித்தால் விளக்கை அணைக்கும் வரை வீட்டில் அந்த ஒரு வார்த்தைதான் ஓடும். பிறகு பிறந்த மகள் படுத்த இடத்திலிருந்து கேட்டதும் அதுதான். பேச்சு வந்ததும் பெற்றவளைப் பார்த்து "அண்ணி" என்றாள். அப்பாவைப் பார்த்து "அண்ணே" என்றாள். வீடே குலுங்கிச் சிரித்தது. கொழுந்தன்மார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், "எங்க, சொல்லு பாப்போம்" என்று சொல்ல வைத்துக் கை தட்டினார்கள். கை தட்டிப் பழக்கியதை அப்புறம் யார் மாற்றுவது?

கூட்டுக் குடும்பத்தில் இது அதிசயமில்லை. பெற்ற தாயை அக்கா என்பவர்களும் தகப்பனை மாமா என்பவர்களும் எனக்குத் தெரிந்தே அரை டஜன் பேர் இருக்கிறார்கள். வெளியாட்கள்தான் குழம்புவார்கள். மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் நாள், "உங்க அம்மா வரலையா கண்ணு?" என்று டீச்சர் கேட்டிருக்கிறார். "வரல டீச்சர், அண்ணிதான் வந்திருக்காங்க" என்று இவள் சொல்லியிருக்கிறாள். பாவம், தாயில்லாப் பிள்ளை என்று டீச்சர் ஒரு வருஷம் முழுக்க முதல் பெஞ்சில் உட்காரவைத்து, சீவிய பென்சில் கொடுத்து, வீட்டுப்பாடம் செய்யாவிட்டாலும் தலையைத் தடவிக் கொடுத்திருக்கிறார். வருஷக் கடைசியில் அண்ணி போய், "நான்தான் டீச்சர் பெத்தவ" என்றதும் அந்த அம்மாளுக்கு வந்த கோபத்தில் கரும்பலகையே வெளுத்துவிட்டது.

கடை போர்டில் புருஷன் பேர் இருந்தது. தொழில் இவள் கையில் இருந்தது. அவர் வாடிக்கையாளரைப் பேச்சில் பிடித்து உட்காரவைப்பார். அவர் ஒரு கதையை முடிப்பதற்குள் இவள் பூட்டைத் திறந்துவிடுவாள். மகளும் பத்து வயதிலிருந்து கூட நின்றவள்தான். அவள் வேலை கதவைத் தூக்குவது. இரும்புக் கதவுக்கு வயசானால் பூட்டுப் பக்கம் தொங்கிப்போகும். தொங்கினால் பூட்டின் நாக்கு சட்டத்தில் மாட்டிக்கொள்ளும், சாவி எவ்வளவு நல்ல சாவியானாலும் சுற்றாது. கதவுக்கு அடியில் ஒரு கம்பியை நெம்பக் கொடுத்து ஒரு ஆள் ஏறி மிதித்தால் கதவு ஒரு நூல் உயரும். அந்த ஒரு நூலில் அண்ணி நாக்கை இழுத்துவிடுவாள். காதைக் கதவில் ஒட்டவைத்து வேலை செய்வதால் பேச்சு கூடாது. கதவில் இரண்டு தட்டு தட்டினால் மிதி. ஒரு தட்டு தட்டினால் இறங்கு. இப்படிப் பேச்சில்லாமலே தாயும் மகளும் பத்து வருஷம் பேசிக்கொண்டார்கள்.

மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு உண்டு. தூசி ஆகாது. அப்படிப்பட்டவளுக்கு வேலை எங்கே கிடைத்தது என்கிறீர்கள்? நகராட்சி அலுவலகத்தின் பழைய ஆவணங்கள் அடுக்கியிருக்கும் ரெக்கார்டு ரூமில். கைப்பையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும்.

வேலை கிடைத்த மறு வருஷம் கல்யாணம். மாமியார் ஓய்வுபெற்ற நர்ஸ். தங்கமான மனுஷி, ஆனால் வார்டில் உத்தரவு போட்டே பழகிய குரல். மருமகள் வீட்டுக்குள் வந்த முதல் நாளே சொல்லிவிட்டார்: "எனக்குப் பொண்ணு கிடையாது. இந்த அத்தை கித்தையெல்லாம் வேண்டாம். வாய் நிறைய அம்மான்னு கூப்பிடு." அவளும் கூப்பிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி மகளைப் பார்க்க அந்த வீட்டுக்குப் போயிருந்தாள். கூடத்தில் சம்பந்திகள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். சமையலறையிலிருந்து தட்டோடு வந்த மகள், "அம்மா, காபி எடுத்துக்குங்க" என்றாள்.

அண்ணி கை நீட்டிவிட்டாள்.

தட்டு அவளைத் தாண்டிப் போய் மாமியார் முன்னால் நின்றது. நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல், புடவையில் இல்லாத ஒரு நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள் அண்ணி. அடுத்த நாள் கடையில் அவள் வெட்டிய பதினோரு சாவிகளில் ஒன்றுகூட எந்தப் பூட்டுக்கும் சேரவில்லை. அதில் ஒன்று என் அலமாரிச் சாவி.

அன்று சாயங்காலம் அலுவலகம் விட்டு வழக்கம்போல மகள் கடைக்குள் நுழைந்தாள். நான் என் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்து, கொடுத்தும் போகாமல் நின்றிருந்தேன். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு யார்தான் போவார்கள்?

"அண்ணி, பசிக்குது. ஏதாவது இருக்கா?"

அரம் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணி!"

"இங்க அப்படி யாரும் இல்ல."

"என்னாச்சு இவங்களுக்கு?" என்று மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

"நான் உன்னைப் பெத்தவ. உன் சித்தப்பனுங்களுக்குத்தான் அண்ணி. இனிமே அம்மான்னு கூப்பிட்டாத்தான் திரும்புவேன்."

மகள் முதலில் சிரித்தாள். அப்புறம் இது விளையாட்டில்லை என்று புரிந்தது. வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"வர மாட்டேங்குது அண்ணி. வேற யாரையோ கூப்பிடுற மாதிரி கூச்சமா இருக்கு."

"அந்த வீட்ல மட்டும் வருதா?"

"அங்க வரும். அங்க அது வெறும் கூப்பிடுற பேரு."

"காபித் தட்டோட என்னைத் தாண்டிப் போனியே, அப்பவும் வெறும் பேருதானா?"

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? நீங்க கை நீட்டினதை நான் பாக்கவே இல்ல!"

"பாத்தே."

மகளின் கண் தாழ்ந்தது. பார்த்திருக்கிறாள். பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். தாயும் பிடிவாதம், மகளும் பிடிவாதம். வேறு யாரிடமிருந்து அவளுக்கு வந்திருக்கும்?

அதற்குப் பிறகு நடந்த கூத்தைக் கேளுங்கள். மகள் தினமும் வருவாள். ஆனால் எந்தப் பேரும் வைக்காமல் பேசுவாள். "கதவைத் திறந்து வெச்சா காத்து வரும்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். "தண்ணி குடிக்கலாம்னா சொம்பைக் காணோம்" என்பாள். "சொம்பு அலமாரிக்கு மேல இருக்குன்னு சொல்லுங்க" என்று அண்ணி புருஷனிடம் சொல்வாள். "அலமாரிக்கு மேல இருக்காம்" என்று அவர் இரண்டடி தள்ளி நிற்கும் மகளுக்கு மொழிபெயர்ப்பார். வாயாடியான மனுஷன் பத்தே நாளில் இளைத்துப்போனார்.

மகள் இல்லாத நேரங்களில் அண்ணி வாடிக்கையாளர்களை விசாரிக்கத் தொடங்கினாள். சாவி வெட்ட வருகிறவர்கள் எல்லோரிடமும் ஒரே கேள்வி: "நீங்க உங்க அம்மாவை எப்படிக் கூப்பிடுவீங்க?" கப்பலில் சமையல் செய்யும் ஒருவன், தான் சுற்றிய நாடுகளில் சில வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் பெற்றவர்களைப் பேர் சொல்லியே கூப்பிடுவார்கள் என்றான். "அடிக்க மாட்டாங்களா?" என்று அண்ணி கேட்டாள். அடிக்க மாட்டார்களாம், என்ன வேணும் என்று கேட்பார்களாம். இன்னொரு நாட்டில் நரைத்த தாயை மகன் "கிழவி" என்று கொஞ்சுவானாம், அவளும் குளிர்ந்து போவாளாம். வாடகைக் கார் ஓட்டுகிற ஒருவர், தன் அப்பா பட்டாளத்துக்காரர் என்பதால் இன்று வரை அவரை "சார்" என்றுதான் கூப்பிடுவதாகச் சொன்னார். "வருத்தமா இல்லையா?" என்றாள் அண்ணி. "எனக்கு இல்லம்மா. அவருக்கு இருக்கான்னு கேட்டதில்ல" என்றார் அவர். அன்றைக்கு அண்ணி மத்தியானம் சாப்பிடவில்லை.

இருபத்திரண்டாவது நாள் காலை, அலுவலகம் போகும் வழியில் மகள் கடை வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை. அவள் மூச்சில் மெல்லிய விசில் சத்தம் கேட்டது. எனக்கே கேட்டதென்றால் பெற்றவளுக்குக் கேட்காமல் இருக்குமா? அண்ணியின் கையில் அரம் நின்றது. ஆனால் முதுகு திரும்பவில்லை.

மகள் கொஞ்ச நேரம் அந்த முதுகைப் பார்த்தாள்.

"வரேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

பன்னிரண்டே காலுக்கு அலுவலகத்துப் பியூன் ஓடி வந்தார். ஐம்பது வயசு மனுஷன், வாயில் நுரை தள்ளிவிட்டது.

"அண்ணி, ரெக்கார்டு ரூம் கதவு மூடிக்கிச்சு. உங்க பொண்ணு உள்ள."

"எவ்வளவு நேரமா?"

"இருபது நிமிஷம் இருக்கும். மேலாளர் திறக்கப் பாத்தாரு..."

"பாத்தாரா? ஏதாவது உடைச்சாரா?"

பியூன் சாவியை முறுக்கி ஒடிப்பதுபோலக் கையால் காட்டினார்.

அண்ணி கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள். புருஷன் பின்னால் ஓடினார். என் கையில் யாரோ டார்ச்சைக் கொடுத்தார்கள், இல்லை நானே எடுத்தேனோ, நானும் ஓடினேன். ஐந்து நிமிஷ வழியை இரண்டு நிமிஷத்தில் கடந்தோம். இது மட்டும் கூட்டிச் சொன்னதில்லை.

அந்தக் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தீப்பிடித்தாலும் காகிதம் வேகக் கூடாது என்று அந்தக் காலத்தில் போட்ட கனத்த இரும்புக் கதவு. உள்பக்கமாகத் திறக்கும். அறைக்கு ஜன்னல் இல்லை. உள்பக்கக் கைப்பிடி உடைந்து எட்டு மாசம். உள்ளே போகிறவர்கள் கதவடியில் ஒரு மர ஆப்பைச் செருகிவிட்டுப் போவார்கள். அன்று மேலாளரின் நாற்காலி ஆடியிருக்கிறது. அந்த ஆப்பை உருவி நாற்காலிக் காலுக்கு வைத்திருக்கிறார். ஆடாத நாற்காலியில் அவர் சாய்ந்த நேரம் கதவு தானாக வந்து மோதி, பூட்டு விழுந்துவிட்டது. பதறிப்போய்ச் சாவியை முறுக்கியவர் அதைத் துளைக்குள்ளேயே ஒடித்தார். கைப்பிடியைப் பிடித்து உலுக்கி அதையும் பிடுங்கினார். நாங்கள் போனபோது பிடுங்கிய கைப்பிடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"தீயணைப்புக்குச் சொல்லியாச்சும்மா. வர முக்கால் மணி நேரமாகுமாம். அவங்க மெஷினை வெச்சு வெட்டினா பொறி பறக்கும்ங்கிறாங்க. உள்ள பூராவும் காகிதம்..."

அண்ணி அவரைப் பார்க்கவில்லை. பக்கத்து மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகளின் கைப்பை அங்கே இருந்தது. பையின் ஜிப் பாதி திறந்து, இன்ஹேலரின் நீல மூடி வெளியே தெரிந்தது.

ஒரு வினாடிதான். அப்புறம் முழங்காலில் உட்கார்ந்துவிட்டாள்.

"டார்ச்சை இங்க காட்டுங்க. யாரும் பேசாதீங்க."

காதைக் கதவில் வைத்தாள். சாவித் துண்டு துளையை அடைத்துக்கொண்டிருந்ததால் உள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. பல் தேய்ந்த இரண்டு மெல்லிய ரம்பத் தகடுகளை எடுத்தாள். ஒன்றைத் துண்டுக்கு மேலும் ஒன்றைக் கீழும் நுழைத்து, பல்லில் மாட்டிய துணுக்கை எடுப்பதுபோல இழுத்தாள். வழுக்கியது. மறுபடி நுழைத்தாள். மறுபடி வழுக்கியது. அவள் நெற்றியிலிருந்து ஒரு வேர்வைத் துளி மூக்கு நுனி வரை வந்து தொங்கியது. அதைத் துடைக்க அவளுக்குக் கை இல்லை. புருஷன் தன் தோள் துண்டால் ஒற்றினார். வாயே மூடாத மனுஷனின் உதடுகள் வெள்ளையாகிவிட்டன.

நாலாவது இழுப்பில் சாவித் துண்டு டங்கென்று தரையில் விழுந்தது. துளை திறந்தது. கூடவே உள்ளிருந்து சத்தமும் வந்தது.

முதலில் விசில். காலையில் கேட்டது போல மெல்லியது இல்லை. அறுந்து அறுந்து வந்தது. அதற்கு நடுவே ஒரு குரல்:

"அம்மா... அம்மா..."

மேலாளர் முகம் மலர்ந்தது. "பேசுது! அம்மான்னு கூப்பிடுது! பொண்ணு நல்லாத்தான் இருக்கு!"

இருபத்திரண்டு நாளாக அவள் காத்திருந்த வார்த்தை. நான் அண்ணியைப் பார்த்தேன். டார்ச் வெளிச்சத்தில் அவள் முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல இருந்தது.

"அது என்னைக் கூப்பிடல" என்றாள்.

"என்னம்மா சொல்றீங்க? தெளிவா..."

"கால் இடறினா அம்மாங்கிறோம், பல் வலிச்சா அம்மாங்கிறோம். இது அந்த அம்மா. அவளுக்கு நினைவு தப்பிக்கிட்டு இருக்கு."

துளையில் வாயை வைத்தாள். "ஏய், நான் வந்திருக்கேன்! கேக்குதா?"

"அம்மா..."

"சொல்றதைக் கேளுடி!"

"அம்மா..."

அதே சுருதி, அதே இழுப்பு. யாரும் கேட்கவில்லை என்று நினைக்கிறவளின் முனகல்.

அண்ணி கொக்கிக் கம்பியை உள்ளே விட்டாள். துளைக்குள் கம்பி போனதும் குரல் அடைபட்டது. அதுதான் அந்த வேலையின் கொடுமை. பூட்டைத் திறக்கக் கம்பி உள்ளே இருக்க வேண்டும், கம்பி உள்ளே இருந்தால் மகள் மூச்சு விடுகிறாளா என்று தெரியாது. பூட்டின் நாக்கைப் பிடித்து வைத்திருக்கும் ஐந்து லீவர் தகடுகளை ஒவ்வொன்றாகத் தூக்கினாள். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் கம்பி வழுக்கி எல்லாம் விழுந்தன. கம்பியை வெளியே எடுத்து, காதை வைத்து, விசில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்த முறை ஐந்தும் நின்றன. சுற்றினாள். சுற்றவில்லை.

"என்னாச்சு?" என்று புருஷன் உதட்டசைவில் கேட்டார்.

"கதவு தொங்கியிருக்கு. நாக்கு சட்டத்துல மாட்டிக்கிச்சு. தூக்கணும்."

பியூனும் புருஷனும் குனிந்தார்கள். வெளிப்பக்கம் நிலைக்கு நல்ல உயரக் கல் படி. அதன் பின்னால் மறைந்திருந்தது கதவின் அடி. நெம்ப இடமே இல்லை. பிடித்துத் தூக்கலாம் என்றால் கைப்பிடி மேலாளர் கையில் இருந்தது. உள்ளே இருக்கிறவள்தான் தூக்க வேண்டும். உள்ளே கம்பியும் இருக்கிறது: ஏழாம் ராக்கில் கழன்று கழன்று விழுகிறது என்று அவள் மாசக்கணக்கில் புலம்பிய இரும்புக் கம்பி.

அண்ணி கதவில் இரண்டு தட்டு தட்டினாள்.

பதில் இல்லை.

மறுபடி இரண்டு தட்டு. பிறகு கம்பியை உருவிவிட்டுக் காதை வைத்தாள். விசில் முன்னைவிட நீளமாக, முன்னைவிட மெதுவாக வந்தது. "அம்மா" என்பது இப்போது பாதிதான் வந்தது. "...ம்மா."

நான் அந்த முகத்தை எத்தனையோ பேருக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், ஒரு தடவையும் சரியாக வந்ததில்லை. திறக்காத பூட்டு முன்னால் அவளுக்குப் பயம் வந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். கண்ணை மூடினாள். நெற்றியைக் கதவில் முட்டினாள். பிறகு துளையில் வாயை வைத்து, தெரு முனை வரை கேட்கிற குரலில் கத்தினாள்:

"அண்ணி வந்திருக்கேன்டி! உன் அண்ணி!"

உள்ளே முனகல் நின்றது.

மேலாளர் கையிலிருந்த கைப்பிடி நழுவிக் கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"...அண்ணி?"

புருஷன் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஆமாம். அண்ணிதான். எழுந்திரு."

"அம்மான்னு... கூப்பிட்டாத்தான்... திரும்புவேன்னீங்க."

"நான் சொன்னதையெல்லாம் கேட்டு வளந்தவளா நீ? எழுந்திருடி!"

"முடியல அண்ணி. மூச்சு..."

"முடியும். ஏழாம் ராக் கம்பி கழண்டு கிடக்குதா?"

இழுபட்ட நாலைந்து மூச்சு. "...கிடக்கு."

"அதை எடுத்துக் கதவடியில கொடு. கம்பிக்கு அடியில ஒரு பழைய பைண்டு புத்தகத்தை முட்டுக்கு வை. பெருசா எடு, பரவாயில்ல, உங்க மேலாளர் ஒண்ணும் சொல்ல மாட்டார்."

"மாட்டேன், மாட்டேன்" என்று மேலாளர் அவசரமாகத் தலையாட்டினார், மகள் பார்ப்பதுபோல.

"இனிமே நான் கம்பியை உள்ள விடப் போறேன். பேச்சு கேக்காது. ரெண்டு தட்டினா?"

"மிதி."

"ஒண்ணு?"

"...இறங்கு."

"அவ்வளவுதான். பத்து வயசுல பண்ணின வேலை."

கொக்கிக் கம்பி உள்ளே போனது. ஒரு லீவர். இரண்டு. மூன்று. கதவின் மறுபக்கம் இரும்பு தரையில் உரசும் சத்தம். நின்றது. மறுபடி உரசியது. நாலு. ஐந்து. அண்ணி இடது கை விரலை மடக்கி இரண்டு தட்டு தட்டினாள்.

கதவு அசையவில்லை.

அண்ணி காத்திருந்தாள். விரல் அந்தரத்தில் நின்றது. மறுபடி தட்டவில்லை. அவளுக்குத் தெரியும், அவசரப்படுத்தினால் பயந்துவிடுவாள் என்று. என் டார்ச் வெளிச்சம் கதவு முழுக்க ஓடியது.

பிறகு இரும்பு மெல்ல முனகியது. கதவு ஒரு நூல் உயர்ந்தது. ஒரே ஒரு நூல்.

கிளிக்.

பியூன் கதவைத் தோளால் தள்ளினார். உள்ளே கம்பி மேல் இரண்டு காலையும் வைத்து, ராக்கைப் பிடித்துக்கொண்டு, உதடு நீலம் பாய்ந்து நின்றவள், கதவு திறந்ததைப் பார்த்தும் இறங்கவில்லை. அண்ணி கதவில் ஒரு தட்டு தட்டினாள். இறங்கினாள். இறங்கி நேராக அண்ணியின் கைக்குள் விழுந்தாள். அதற்குள் புருஷன் இன்ஹேலரை உலுக்கி நீட்டிக்கொண்டிருந்தார்.

கால் மணி நேரம் கழித்துத் தீயணைப்பு வண்டியும் மகளின் மாமியாரும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். மாமியார் வந்த வேகத்தைப் பார்த்து வண்டிக்காரர்களே வழி விட்டார்கள். மருமகளின் நாடியைப் பிடித்து, முதுகில் காதை வைத்துக் கேட்டு, மேலாளரை ஒரு பார்வை பார்த்தார். அவர் நாற்காலிக் காலுக்கடியிலிருந்த ஆப்பைத் தாமாகவே எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"யாரும்மா கதவைத் திறந்தது?" என்று மாமியார் கேட்டார்.

"எங்க அம்மா" என்றாள் மகள்.

மூலையில் கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த அண்ணி நிமிரவில்லை. ஆனால் ஒரே ரம்பத் தகட்டை மூன்று தடவை துடைத்தாள்.

வீட்டுக்குக் கூட்டிப் போகும் வழியில் நான் சும்மா இருக்காமல், "உள்ள இருந்து அம்மா அம்மான்னு கத்தினியே, ஞாபகம் இருக்கா?" என்று மகளைக் கேட்டேன்.

"நானா? எப்ப?" என்றாள்.

நாலு நாள் ஓய்வுக்குப் பிறகு வேலைக்குப் போன மகள், சாயங்காலம் கடை வாசலில் வந்து நின்றாள். நான் என் அலமாரிச் சாவிக்காக உட்கார்ந்திருந்தேன். தப்பாக வெட்டிய அந்தச் சாவிக்கு இன்னும் விடிவு வரவில்லை. அண்ணி முதுகைக் காட்டிக்கொண்டு அரம் போட்டுக்கொண்டிருந்தாள். மகள் புடவையைச் சரி செய்தாள். தொண்டையைச் செருமினாள். மேடை ஏறப் போகிறவள்போல ஒரு அடி முன்னால் வைத்தாள்.

"அம்மா."

அரம் ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா!"

"உக்காருங்க. கையில ஒரு வேலை இருக்கு, முடிச்சிட்டு வரேன்" என்றாள் அண்ணி, தலையை நிமிர்த்தாமல். முன்பின் தெரியாத வாடிக்கையாளர்களிடம் பேசும் அதே குரல். புருஷன் துண்டை வாயில் திணித்துக்கொண்டார்.

"அண்ணி! நான்தான்!"

அண்ணி திரும்பினாள். "நீயா? யாரோ சாவி கேட்டு வந்தவங்கன்னு நினைச்சேன்."

"நாலு நாளா கண்ணாடி முன்னாடி நின்னு பழகிட்டு வந்தேன்!"

"அப்ப அந்தக் கண்ணாடியையே கூப்பிட்டுக்கோ. வா இங்க. பெரிய பூட்டு ஒண்ணு வந்திருக்கு, ஆள் பத்தல."

மகள் பையை ஆணியில் மாட்டிவிட்டு, இன்ஹேலரை மட்டும் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்ப் பூட்டைப் பிடித்தாள்.

அண்ணிக்கு உண்மையிலேயே கேட்கவில்லையா என்று பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். அவள் முதுகுதான் என் பக்கம் இருந்தது. ஆனால் எதிரே தொங்கிய பித்தளைப் பூட்டில் அவள் முகம் தெரிந்தது. அதைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை.

அன்று வெட்டிக் கொடுத்த சாவி என் அலமாரியை முதல் சுற்றிலேயே திறந்தது. அதே சுற்றில் எதிர் வரிசை வீட்டு அலமாரிகளும் திறந்துகொண்டன. மூன்று வீடு. இந்தத் தடவை நானே எண்ணினேன்.